மெஹந்தி சமரீனும் தூங்குமூஞ்சிக் கோலாவும்

தர்மபுரிப் பக்கம் கல்யாணம் வைத்திருக்கிறவர்கள் மண்டபத்தைப் பேசி முடித்த கையோடு சமரீனுக்குப் போன் போட்டுவிடுவார்கள். மெஹந்தி போட அவளைவிட்டால் ஆளே இல்லை என்பதல்ல. இப்போது தெருவுக்கு நாலு பேர் கோனைத் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள். ஆனால் சமரீன் போட்டது சிவக்கவில்லை என்று ஒருத்தியாவது சொல்லட்டும், பார்க்கலாம். முழங்கை வரைக்கும் கொடி ஓட்டுவாள், நடுவில் மயிலை உட்காரவைப்பாள், மாப்பிள்ளையின் பெயரை இலைக்குள் ஒளித்துவைத்து அவரையே தேடவிடுவாள். இன்றைக்கு மொரப்பூர், நாளைக்கு ஏரியூர் என்று பஸ்ஸிலேயே பாதி வாழ்க்கை போய்விட்டது.

ஒரு விஷயம் சொன்னால் நம்பமாட்டீர்கள். இவ்வளவு கல்யாண வீடு ஏறி இறங்கியவள், ஒரு கல்யாணத்தையும் முழுசாகப் பார்த்தது கிடையாது. மெஹந்தி என்பது முந்தின நாள் வேலை. சாயங்காலம் போய் உட்கார்ந்து, கையும் காலும் முடித்துக்கொடுத்து, பெண்ணைக் கையை விரித்தபடி உட்காரவைத்துவிட்டுக் கிளம்பிவிடுவாள். நிக்காஹ் ஆனாலும் முகூர்த்தம் ஆனாலும் மறுநாள் அவள் வேறு ஊரில் வேறு கையைப் பிடித்துக்கொண்டிருப்பாள். "இருந்து சாப்ட்டுட்டுப் போங்கக்கா" என்று சொல்லாத வீடு இல்லை. அவள் இருந்ததும் இல்லை.

அவள் கணவர் நிசார் அகமது பாப்பாரப்பட்டி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பைக் சீட்டுக்குக் கவர் தைக்கிற கடை வைத்திருக்கிறார். வாயைத் திறந்தால் கிண்டல்தான். அவருக்கு வருஷக்கணக்கில் தீனி போட்டது ஒரு பெருச்சாளி. அந்தக் கதையைச் சொல்லாமல் கோலாவுக்குப் போக முடியாது.

பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் காவியா என்ற பெண்ணுக்கு இங்கே சொந்த ஊரில் கல்யாணம். எந்நேரமும் தூங்கி வழிகிறாளாம், அதனால் மாப்பிள்ளை அவளைச் செல்லமாகக் கோலா என்று கூப்பிடுவாராம். "அக்கா, உள்ளங்கையில ஒரு கோலா வரஞ்சுடுங்க" என்று கேட்டுவிட்டாள். சமரீன் அதுவரை அந்தப் பேரையே கேட்டதில்லை. போனில் காட்டிய படத்தைப் பார்த்தாள்; ஆஸ்திரேலியாவில் மரத்திலேயே தூங்கிக் கிடக்கிற, குட்டிக் கரடி மாதிரி ஒரு பிராணி. மயில், யானை, அன்னம், எது கேட்டாலும் முடியாது என்று சொல்லிப் பழக்கமில்லாத வாய், சரி என்று சொல்லிவிட்டது.

வரைந்து முடித்ததும் பெண்ணின் சித்தப்பா எட்டிப் பார்த்தார். "என்னம்மா இது, பெருச்சாளிய வரஞ்சு வெச்சிருக்க?" என்றார். வீடே கொல்லென்று சிரித்தது. காவியா நல்ல பெண், "பரவால்லக்கா, அழகாத்தான் இருக்கு" என்றாள். ஆனால் யாரோ அதைப் படமெடுத்து ஸ்டேட்டஸில் போட, அது ஊரைச் சுற்றியது. அதற்கப்புறம் போகிற வீடெல்லாம், "நீங்கதான் பெருச்சாளி மெஹந்தி போடறவங்களா?" என்ற கேள்விதான். சமரீனுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

விடுகிற ஆளா அவள்? கணவர் வெட்டிப்போட்ட ரெக்சின் துண்டுகளின் பின்பக்கத்தில் கோலாவாக வரைந்து தள்ளினாள். காது வந்துவிட்டது. உடம்பும் வந்துவிட்டது. மூக்கு மட்டும் வரவே இல்லை. முகத்தின் நடுவில் கறுப்பாக, பெரிசாக நிற்கிற அந்த மூக்கை எப்படிப் போட்டாலும் பெருச்சாளிதான் எட்டிப் பார்த்தது.

"போட்டோவ வெச்சு ஒண்ணும் புரியலங்க. அது மேடா இருக்குதா, தட்டையா இருக்குதான்னே தெரியல. கையில வாங்கித் தொட்டுப் பாத்தாத்தான் வரும்" என்றாள்.

"வாங்கிக்க. சந்தையில சொல்லி வெக்கறேன்" என்றார் நிசார் அகமது.

இந்த நிலைமையில்தான் அவள் தம்பி தௌசீப் போன் செய்தான். ஆஸ்திரேலியாவில், பிரிஸ்பேனில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறான். "ஆபா, விசா எடுக்கறேன், வந்து ஒரு மாசம் இருந்துட்டுப் போங்க" என்றான். அக்காவை அவர்கள் வீட்டில் ஆபா என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரே தம்பி, தாய் இல்லாத பிள்ளை, தூக்கி வளர்த்தவள். எப்படி இருக்கிறாய் என்று கேட்டிருக்க வேண்டாமா? அவள் கேட்டது ஒன்றுதான்.

"அந்த ஊர்ல கோலா இருக்குதாடா?"

இருக்கிறது என்றான். கையில் கொடுப்பார்கள் என்றும் சொன்னான். அந்த நாட்டிலேயே சில மாநிலங்களில் கோலாவைத் தூக்கக் கூடாதாம், அவன் இருக்கிற பக்கம் சில பூங்காக்களில் அனுமதி உண்டாம். அவ்வளவுதான், சமரீனுக்குத் தலைகால் புரியவில்லை. பார்க்கிறவர்களிடமெல்லாம் ஆஸ்திரேலியா போகிறேன் என்று சொல்லவில்லை, கோலாவைத் தூக்கப் போகிறேன் என்றே சொன்னாள். "தூக்காம வந்தேன்னா கோனைத் தொடமாட்டேன், பாத்துக்குங்க" என்று டவுன் முழுக்கச் சபதம் போட்டுவிட்டுப் பெங்களூர் பஸ் ஏறினாள்.

பிரிஸ்பேன் விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். உள்ளே பச்சை நிறத்தில் மெஹந்திப் பொடிப் பொட்டலம். சீருடை போட்ட ஆள் அதைப் பிரித்து மோந்து பார்த்து, இது என்ன என்று கேட்டான். அவளுக்கு இங்கிலீஷ் வராது, அவனுக்குத் தமிழ் வராது. சிவந்து கிடந்த விரல்நுனிகளைத் தூக்கிக் காட்டினாள். அவன் சிரித்துவிட்டு மூடிக்கொடுத்தான். அவளுக்குப் பாதி ஆஸ்திரேலியாவை ஜெயித்த மாதிரி இருந்தது.

ஆனால் தௌசீப்புக்கு லீவு கிடைக்கவில்லை. இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளித் தள்ளி, அவள் ஊருக்குத் திரும்புவதற்கு முந்தின நாள்தான் பூங்காவில் இடம் கிடைத்தது. அங்கே இன்னொரு சட்டமும் இருந்தது. ஒரு கோலா ஒரு நாளைக்கு அரை மணி நேரம்தான் ஆட்களின் கைக்கு வரும். அதற்குமேல் அதைத் தொந்தரவு செய்யக் கூடாது. சில நாள் சேர்ந்தாற்போல வேலை பார்த்தால் கட்டாயம் லீவு வேறு.

"அரை மணி நேர வேலைக்கு லீவா? மீதி நேரம் என்னாடா பண்ணும்?"

"தூங்கும் ஆபா."

"அடுத்த பொறப்புன்னு ஒண்ணு இருந்தா இப்பிடிப் பொறக்கணும்டா" என்று சொல்லிவிட்டு, அல்லா மன்னிக்கட்டும் என்று வாயில் அடித்துக்கொண்டாள்.

பூங்காவுக்குப் போவதற்கு முந்தின சாயங்காலம் சமரீன் தன் கைக்கு மெஹந்தி போட உட்கார்ந்தாள். ஊரார் கைக்கெல்லாம் போடுகிறவள் தன் கையில் முழுசாகப் போட்டுக்கொண்டது அவள் கல்யாணத்தின்போதுதான். அதற்கப்புறம் நேரம் ஏது? கோலாவைத் தூக்கும்போது போட்டோவில் முதலில் தெரிவது கைதான், அது வெறுங்கையாக இருந்தால் தொழிலுக்கே அவமானம் என்று அவளுக்குத் தோன்றியது. வலது கையால் இடது கையை முடித்தாள், இடது கையால் வலது கையையும் ஒப்பேற்றினாள். கோலா தின்னுகிற தைல மர இலைகளையே கொடியாக ஓட்டினாள்.

காய்ந்ததும் சுரண்டிவிட்டு, "தைலம் இருக்குதாடா?" என்று கேட்டாள். மெஹந்தி போடுகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி இது. நீலகிரித் தைலத்தைத் தேய்த்தால் நிறம் அப்படியே ஏறும். ஊரில் சுண்டு விரல் அளவு பாட்டிலில் சொட்டுச் சொட்டாக எடுப்பாள். தௌசீப் கொண்டுவந்து வைத்ததோ தண்ணீர் பாட்டில் மாதிரி ஒன்று. அந்த ஊரில் அதை ஊற்றி வீடு துடைக்கிறார்களாம். சமரீனுக்குப் பொறுக்கவில்லை. வீடு துடைக்கிறார்களா, என்ன அநியாயம் என்று திட்டிக்கொண்டே, உள்ளங்கையில் தாராளமாக ஊற்றி முழங்கை வரைக்கும் பூசிக்கொண்டாள். விடிந்ததும் இன்னொரு தடவை பூசினாள். காரில் ஏறியதும் தௌசீப் நாலு ஜன்னலையும் திறந்துவிட்டான்.

"கண்ணு எரியுது ஆபா."

"எரியட்டும். செவக்கணும்ல?"

பூங்காவில் வரிசை நின்றது. சமரீனுக்குக் கால் தரையில் பாவவில்லை. புர்காவைச் சரிசெய்வாள், கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள், முன்னால் நிற்பவர்களின் தோளுக்கு மேல் எம்பி எம்பிப் பார்ப்பாள். அதோ, காக்கிச் சட்டை போட்ட ஒரு பெண்ணின் இடுப்பில் உட்கார்ந்திருக்கிறது! சாம்பல் நிறம், பஞ்சு வைத்த காது. பேர் ஆல்ஃபியாம். ஒவ்வொருவராகப் போய்க் கையை வயிற்றோடு சேர்த்து வைத்தால், அந்தப் பெண் ஆல்ஃபியைத் தூக்கி அதில் உட்காரவைக்கிறாள், படம் எடுக்கிறார்கள், ஆல்ஃபியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறாள். யார் கைக்குப் போனாலும் ஆல்ஃபி கண்ணைத் திறக்கவில்லை. மாவு மூட்டையைக் கை மாற்றுகிற மாதிரிதான் இருந்தது.

"தூங்குமூஞ்சி, தூங்குமூஞ்சி" என்று சமரீன் வாய் விட்டுச் சிரித்தாள். "காவியா மாப்ள சரியாத்தான் பேர் வெச்சிருக்காரு."

அவள் முறை வந்தது. கையை நீட்டிக்கொண்டு போனாள். காக்கிச் சட்டைப் பெண் இரண்டடி தள்ளியே நின்றுவிட்டாள். மூக்கைச் சுளித்தாள். தௌசீப்பிடம் ஏதோ கேட்டாள், அவன் ஏதோ சொன்னான், அவள் தலையை ஆட்டி மறுத்தாள். அந்தத் தலையாட்டலுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

"என்னாடா சொல்றா?"

"தைலம் ஆபா." தௌசீப்பின் முகம் செத்துப்போயிருந்தது. "இலையில இருக்கறது வேற, இது வடிச்செடுத்த எண்ணெய். அது கைய நக்கிடுச்சுன்னா வயித்துக்கு ஆகாதாம். கையில குடுக்க முடியாதாம். பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துக்கலாம்னு சொல்றாங்க. அது போதும்ல ஆபா?"

நிறம் ஏற வேண்டும் என்று தேய்த்தாளே, அதுவே வினையாகப் போய்விட்டது. வேறு யாராவது இப்படி ஒரு காரியம் செய்வார்களா? கோலாவைப் பார்க்கப் போகிறவள் கோலாவின் சாப்பாட்டையே கையில் பூசிக்கொண்டு போவாளா? சமரீன் நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். பழக்க தோஷம், கால்கள் தாமாகத் திரும்பின. வேலை முடிந்ததும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிற கால்கள் அல்லவா? மற்றவர்கள் இருந்து பார்க்கட்டும், நாம் கிளம்புவோம் என்று நாலு அடி வைத்தும்விட்டாள்.

அப்புறம்தான் அவளுக்குச் சுரீரென்று கோபம் வந்தது. யார் மேல் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. கால்கள் மேல்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"போதாது" என்றாள். "கழுவிட்டு வந்தா குடுப்பாளான்னு கேளு."

தௌசீப் கேட்டான். வாசனை போய்விட்டால் பார்க்கலாம், ஆனால் ஆல்ஃபியின் நேரம் முடியப் போகிறது, முடிந்தால் கொண்டுபோய்விடுவோம் என்றாள். அடுத்த கோலாவுக்கு முன்பதிவு நிரம்பிவிட்டது. நாளைக்கு விமானம்.

சமரீன் ஓடினாள். புர்காவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கங்காரு ஒன்று வேலிக்குள்ளிருந்து நிமிர்ந்து பார்க்க, குழாயைத் தேடி ஓடினாள். இரண்டு நாளைக்குச் சோப்பு படக் கூடாது, தண்ணியே படக் கூடாது என்று எத்தனை மணப்பெண்களை மிரட்டியிருப்பாள்! அவளே இப்போது சோப்பு நுரையை வழித்து வழித்துத் தேய்த்தாள். தௌசீப் பூங்காவின் காபிக் கடைக்கு ஓடி, எலுமிச்சைத் துண்டுகளும் உப்பும் வாங்கிவந்தான். உப்பைப் போட்டுப் பறபறவென்று உரசினாள். நேற்று ராத்திரி கன்றிச் சிவந்திருந்த தைல மர இலைகள் வெளுத்து ஆரஞ்சு நிறத்துக்கு வந்தன. விரலிடுக்கில் கொடி அறுந்தே போயிற்று.

"ஆபா, மெஹந்தி போவுது..."

"போவட்டும்டா! மோந்து பாரு, வாசன போச்சா?"

அவன் மோந்து பார்த்தான். கொஞ்சம் இருக்கிறது என்றான். மறுபடி சோப்பு, மறுபடி உப்பு. கை திகுதிகுவென்று எரிந்தது. திரும்பி ஓடிவந்தபோது வரிசை காலி. காக்கிச் சட்டைப் பெண் ஆல்ஃபியைத் தோளில் போட்டுக்கொண்டு உள் கதவைத் திறந்துகொண்டிருந்தாள்.

"எம்மா! இரும்மா!" என்று சமரீன் போட்ட சத்தம் ஏரியூர் வரைக்கும் கேட்டிருக்கும். தமிழ் தெரியாவிட்டால் என்ன, அந்தப் பெண் நின்றாள்.

சமரீன் இரண்டு கையையும் நீட்டினாள். சொட்டச் சொட்ட ஈரம், தேய்த்த தேய்ப்பில் கன்றிப்போன தோல். அந்தப் பெண் முதலில் வலது கையை மோந்தாள், அப்புறம் இடது கையை. உள்ளே இருந்த இன்னொருத்தியைக் கூப்பிட்டாள், அவளும் மோந்தாள். இருவரும் ஏதோ பேசிக்கொண்டார்கள். சமரீன் அவர்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்தாம் வகுப்பு ரிசல்ட்டுக்குக்கூட அவள் இப்படி நின்றதில்லை.

"எண்ணெய் போயிடுச்சாம் ஆபா. லேசா எல வாசன மாதிரிதான் வருதாம். மோந்து பாக்கலாம், நக்க மட்டும் விடக் கூடாதாம். அவங்க கூடவே நிப்பாங்களாம். ஒரே ஒரு நிமிஷம்." தௌசீப்புக்குக் குரல் உடைந்தது. "குடுக்கறாங்க ஆபா!"

கையை வயிற்றோடு சேர்த்து வைத்தாள். ஆல்ஃபி வந்து உட்கார்ந்தது. யா அல்லா, என்ன கனம்! கல்லு மாதிரி கனம். பார்க்கப் பஞ்சு, தொட்டால் செம்மறி ஆட்டு ரோமம். நகம் புர்காவில் மாட்டியது. அது மூச்சு விடுவது அவள் வயிற்றில் தெரிந்தது. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து, எதை முதலில் விடுவது என்று தெரியாமல் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

அப்போது ஆல்ஃபியின் மூக்கு அசைந்தது. ஒரு தரம், இன்னொரு தரம். கண் திறந்தது. காலையிலிருந்து யாருக்கும் திறக்காத கண்! தலையைத் தூக்கி அவள் முகத்தைப் பார்த்தது, தோளைப் பார்த்தது, மரம் எங்கே என்று தேடுகிற மாதிரி சுற்றுமுற்றும் பார்த்தது. பிறகு கீழே குனிந்தது. காக்கிச் சட்டைப் பெண் சிரித்துக்கொண்டே அதன் பாரத்தைத் தன் கையில் வாங்கிக்கொண்டு, சமரீனின் வலது கையை விடுவித்துக் கொடுத்தாள். ஆல்ஃபி தன் கையை நீட்டி அந்தக் கையைப் பிடித்தது.

பிடித்தது என்றால் சும்மா தொட்டது இல்லை. விரலைச் சுற்றி வளைத்து, இறுக்கிப் பிடித்தது. கை விஷயத்தில் சமரீனை ஏமாற்ற முடியுமா? பார்த்தவுடனே கண்டுபிடித்துவிட்டாள்.

"தௌசீப்! ரெண்டு கட்ட வெரலுடா! ஒரே கையில ரெண்டு கட்ட வெரலு!" என்று கத்தினாள். காக்கிச் சட்டைப் பெண்ணுக்கு அது மொழிபெயர்க்காமலே புரிந்தது. ஆமாம் ஆமாம் என்று தன் கட்டை விரலை ஆட்டிக் காட்டினாள்.

ஆல்ஃபி பிடித்த கையை இழுத்து, வெளுத்துப்போன அந்த இலைகளின் மேல் மூக்கை வைத்து அழுத்தியது. உள்ளங்கை முழுக்க மூக்கு. மேடு இல்லை, தட்டையும் இல்லை. நல்ல ரெக்சின் மாதிரி வழவழப்பு, நடுவில் லேசான வளைவு, ஓரத்தில் மடிப்பு. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பார்க்க வேண்டியதே இல்லை, கை பார்த்துக்கொண்டது. அது ஆழமாக மூச்சை இழுத்து மோந்தது, விடவே இல்லை. படம் எடுக்கிறவன் இந்தப் பக்கம் பார், இந்தப் பக்கம் பார் என்று விரலைச் சொடுக்கினான். ஆல்ஃபியும் பார்க்கவில்லை, சமரீனும் பார்க்கவில்லை.

கடைசியில் ஒரு கொத்து இலையைக் கொண்டுவந்து காட்டித்தான் அதைப் பிரிக்க வேண்டியிருந்தது. அந்தப் பெண் சொன்னதைத் தௌசீப் சொன்னான். "ஆல்ஃபி யார் கையையும் இப்பிடிப் புடிச்சு இவங்க பாத்ததில்லையாம் ஆபா." சமரீனுக்கு அதுவரை பல்லுக்குள் நின்ற அழுகை அப்போது பொலபொலவென்று கொட்டிவிட்டது. ஆயுசு பூராவும் அடுத்தவர் கையைத்தான் அவள் பிடித்திருக்கிறாள். சந்தோஷம் தாங்காமல் அழுதாள்.

படம் கொடுக்கிற இடத்தில் இருந்த பையன் சங்கடத்தோடு நெளிந்தான். எடுத்த படம் எதிலும் கோலாவின் முகம் விழவில்லை, வேண்டுமானால் பணத்தைத் திருப்பித் தருகிறோம் என்றானாம். சமரீன் அந்தப் படத்தை அவன் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கினாள்.

தௌசீப் அங்கேயே வீடியோ காலில் நிசார் அகமதுவைப் பிடித்தான். பாப்பாரப்பட்டியில் அப்போதுதான் விடிந்திருந்தது. டீ கிளாஸும் கையுமாக வந்த மனுஷன், படத்தைக் காட்டச் சொல்லி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தார்.

"ரெண்டு காதுதான் தெரியுது, முதுகு தெரியுது. உம் மெஹந்தியும் வெளுத்துக் கெடக்குது. இவ்ளோ தூரம் போயி மூஞ்சி இல்லாத கோலாவப் புடிச்சுட்டு வர்றியே. அது மூஞ்சி எங்க?"

சமரீன் வலது கையை மூடி நெஞ்சோடு வைத்துக்கொண்டிருந்தாள்.

"எங் கையில இருக்குதுங்க" என்றாள்.